மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும்: நிலாவெளிக் காணியை விற்றுச் சென்னையில் ஃபிளாட் வாங்கலாமா?

திருகோணமலை பாலையூற்றிலிருந்து ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் இதுதான்.

1990 இல் குடும்பத்தோடு மன்னார் போய், வள்ளத்தில் ராமேஸ்வரம் சேர்ந்தார்கள். மண்டபம் முகாமில் 1993 இல் மகள் பிறந்தாள். சமாதான காலத்தில், 2004 இல் ஊர் திரும்பினார்கள். முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ராமநாதபுரத்துப் பையனோடு மகளுக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. 2021 இல் கோயிலில் கல்யாணம். பதிவு பிறகுதான் நடந்தது, அதற்கும் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. இப்போது இருவரும் சென்னையில். மருமகனுக்குக் கைக்கு 85,000 இந்திய ரூபாய் சம்பளம். மகள் இலங்கைக் கடவுச்சீட்டில், மனைவி என்ற விசாவில் இருக்கிறாள். வேலை இல்லை.

வாடகை வீடு கேளம்பாக்கம் பக்கம். முன்பு மருமகனுடைய அலுவலகம் அதே சாலையில் இருந்தது. இப்போது வேலை மாறி அம்பத்தூர் போகிறார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் அதற்கு மேல். குழாயில் தண்ணீர் வராது, லொறித் தண்ணீர்தான். வீட்டுக்காரர் மச்சம் சமைக்கக் கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்தாராம். போன முறை அம்மா கட்டிக் கொடுத்துவிட்ட பாரைக் கருவாடு மூன்று பொலித்தீன் பைக்குள், அலுமாரிக்கு அடியில், இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்று மகள் சொல்லி அழுதிருக்கிறாள்.

திருப்போரூர்ப் பக்கம் கட்டப்பட்டுவரும் ஒரு ஃபிளாட்டை 68 லட்சத்துக்குப் பார்த்திருக்கிறார்கள். வங்கி 50 லட்சம் தரும். மீதிக்கு அப்பாவிடம் 20 லட்சம் கேட்கிறார்கள். எங்கள் இலங்கைக் காசில் எழுபது லட்சம் வரும். நிலாவெளியில் 1982 இல் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியை வாங்க ஒரு ஹோட்டல் தரகர் நச்சரிக்கிறார். விற்றுக் கொடுக்கலாமா? "பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது நமது வழக்கம். வாடகை ஆற்றில் கரைத்த புளி. அவளும் அங்கே பிறந்தவள்தானே, அவள் பெயரிலேயே எழுதலாம். முடியாவிட்டால் மருமகன் பெயரில் எழுதி, உண்மையில் மகளுடையது என்று ஒரு கடிதம் வாங்கி வைப்போம்" என்று முடித்திருக்கிறார்.

ஐயா, கருவாட்டுப் பையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனையைத் தொட முடியவில்லை. சட்டக் கல்லூரி நாட்களில் வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் இருந்தேன். குளிக்க எத்தனை வாளி அள்ளுகிறோம் என்று வீட்டுக்கார அம்மா எண்ணிக்கொண்டிருப்பார். பிறத்தியார் வீட்டில் இருப்பதன் கூச்சம் எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்ட கேள்விக்கு நேராகச் சொல்கிறேன்: விற்க வேண்டாம். இந்த ஃபிளாட்டும் வேண்டாம். ஏனென்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் கணக்குப் பிசகியிருக்கிறது.

அங்கே பிறந்தால் இந்தியரா?

இல்லை. இந்தியாவில் 1987 யூலை 1 க்கு முன் பிறந்தவர் என்றால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதன் பிறகு பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகிவிட்டது. உங்கள் மகள் 1993 இல் பிறந்தவள், நீங்கள் இருவரும் இலங்கையர். மண்டபத்தில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் அவள் எங்கே பிறந்தாள் என்பதைத்தான் சொல்லும். முகாமில் பிள்ளை பெற்ற பல பெற்றோர் இதே நினைப்போடுதான் என்னிடம் வருகிறார்கள், நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதனால் வரும் அடுத்த சிக்கல்தான் பெரியது. இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகளின்படி, இலங்கை உட்படச் சில நாடுகளின் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வீடோ காணியோ வாங்க முடியாது. அங்கேயே குடியிருப்பவர் என்றாலும் இதே விதிதான். ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது உங்கள் மகள் வாடகைக்கு இருக்கலாம். இன்றைய நிலையில் அவள் பெயரில் கிரயப் பத்திரம் எழுத முடியாது. கட்டிட நிறுவனத்தின் விற்பனைப் பையன் "அதெல்லாம் பண்ணிக்கலாம் சார்" என்று சொல்லியிருப்பான். அவன் வேலை விற்பது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதுவும் உங்கள் மகளின் கைக்கெட்டிய தூரத்தில். ஓ.சி.ஐ. அட்டை, அதாவது 'இந்தியாவின் கடல்கடந்த குடிமகன்' (Overseas Citizen of India) என்ற அட்டை. இந்தியக் குடிமகனை மணந்து, அந்தத் திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு வருடமாவது நிலைத்திருந்தால் வெளிநாட்டு மனைவி அதற்கு விண்ணப்பிக்கலாம். கோயில் தாலியிலிருந்து எண்ண வேண்டாம், பதிவுச் சான்றிதழில் உள்ள திகதியிலிருந்து எண்ணுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் காலம் கனிந்துவிட்டது. சென்னையில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருக்கட்டும்.

அந்த அட்டை கையில் வந்தால் இலங்கையருக்கான தடை அவளைக் கட்டாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு தவிர்த்து வீடு வாங்கலாம், தன் பெயரிலேயே. அதைவிட முக்கியம், வேலைக்குப் போகலாம். இப்போதுள்ள விசாவில் அது முடியாது. கணக்கியல் படித்த பிள்ளை மூன்று வருடமாகத் தண்ணீர் லொறிக்குக் காத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் மாதம் 25,000 கொண்டுவந்தால் அந்த வீட்டின் காற்றே மாறிவிடும். ஃபிளாட்டுக்கு முன்னால் இந்த விண்ணப்பம்.

ஒரு எச்சரிக்கை. சிலர் இந்தியக் குடியுரிமையே எடுத்துவிடு என்பார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போகும், பிறகு இங்கே அவள் பெயருக்குக் காணி மாற்றுவது வெளிநாட்டவருக்கான 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மல்லுக்கட்டும் வேலையாகிவிடும். ஓ.சி.ஐ. என்பது பெயரில் குடியுரிமை இருந்தாலும் குடியுரிமை இல்லை. அவள் இலங்கையராகவே இருப்பாள். உங்களுக்கு அதுதான் தேவை, ஏன் என்று கீழே வரும்.

மருமகன் பெயரும் அந்தக் கடிதமும்

மருமகனைப் பற்றி நல்லவிதமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கடிதத்தை மட்டும் எழுதி வாங்காதீர்கள். ஒருவர் காசில் இன்னொருவர் பெயருக்கு வாங்கி, பலன் காசு கொடுத்தவர் பக்கத்துக்கே என்று வைப்பதை இந்தியாவில் பினாமி என்பார்கள். 1988 ஆம் ஆண்டுச் சட்டம், 2016 இல் பல் முளைத்தது. அந்தக் கடிதத்தைக் கொண்டு நீதிமன்றத்தில் உரிமை கேட்கவும் முடியாது, சொத்தே பறிபோகும் வழியையும் அது காட்டிக்கொடுக்கும். மருமகனுக்கு மனமார நன்கொடையாகக் கொடுக்கலாம், அது சட்டப்படி சரி. கொடுத்தால் கொடுத்ததுதான். இந்தியச் சட்டத்தில் கணவன் பெயரில் உள்ள வீட்டில் மனைவிக்குத் தானாகப் பாதி என்று ஒன்றும் கிடையாது. அவருக்கு ஏதும் நடந்தால், உயில் இல்லாத பட்சத்தில், மனைவி பிள்ளைகளோடு அவருடைய தாயாரும் சம பங்கு வாரிசு. "பெண்ணுக்குக் கொடுத்த வீடு" என்று நீங்கள் இங்கே நினைத்துக்கொண்டிருக்கும்போது பத்திரம் வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும்.

மூன்று லட்சம் சம்பளம்?

85,000 ஐ மூன்றரையால் பெருக்கி "மூன்று லட்சம் உழைக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் திருகோணமலைச் சந்தையில் மீன் வாங்கவில்லையே, ஐயா. இந்திய ரூபாயில் வருகிறது, இந்திய ரூபாயில் போகிறது. நீங்கள் அனுப்பிய கணக்கின்படி வாடகை 15,000, தண்ணீரும் பராமரிப்பும் 4,000, அவருடைய பெற்றோருக்கு 12,000, போக்குவரத்து 7,000, சாப்பாடும் மற்றதும் 22,000. மிஞ்சுவது 25,000. மோசமில்லை, சேமிக்கிற குடும்பம்தான்.

இப்போது கடனைப் போட்டுப் பாருங்கள். 50 லட்சத்துக்கு 8.5 வீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 43,400. இருபது வருடத்தில் கட்டுவது ஒரு கோடியே நான்கு லட்சம். வீடு கட்டி முடிய மூன்று வருடம் என்கிறார்கள். அதுவரை வாடகையும் போகும், வங்கி விடுவித்த தொகைக்கு வட்டியும் போகும், ஒவ்வொரு தளம் எழும்பும்போதும் அந்த வட்டியும் எழும்பும். முழுத் தவணை தொடங்கும்போது வீடு கைக்கு வராமல் இழுபட்டால் தவணை, வாடகை, தண்ணீர், பெற்றோருக்கு அனுப்புவது என்று 74,400 போய்விடும். இரண்டு பேர் சாப்பிடவும் பஸ் ஏறவும் 10,600. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கான ஜி.எஸ்.டி. வரி எல்லாம் 68 லட்சத்துக்கு வெளியே. 20 லட்சம் போதாமல் திரும்பவும் உங்களுக்குத்தான் அழைப்பு வரும்.

வீடு இருப்பது திருப்போரூரில். வேலை அம்பத்தூரில். வாடகை வீட்டைவிட இன்னும் தள்ளித்தான் போகிறார்கள். வாடகை ஆற்றில் கரைத்த புளி என்கிறீர்களே, மருமகன் வேலை மாறினபோது வீட்டை மாற்றும் சுதந்திரம் அந்தப் புளியில்தான் இருக்கிறது. அதை அவர்கள் இன்னும் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஏன் பயன்படுத்தவில்லை என்பதும் உங்கள் கடிதத்திலேயே ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது: "முற்பணம் 90,000 வீட்டுக்காரரிடம் இருக்கிறது, நடுவில் விட்டால் தரமாட்டார் என்று பயம்." சரி, அதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கென 2017 இல் ஒரு சட்டம் இயற்றி 2019 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முற்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது பொது விதி, ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்று ஒரு பொத்தல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொத்தலுக்குள்ளால்தான் உங்கள் பிள்ளைகளின் ஆறு மாத முற்பணம் போயிருக்கிறது. வீட்டை விடும்போது நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திப் பயமுறுத்தவும் கூடாது. அங்கே பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுவதுதான் பழக்கம். அது முடியும் மாதத்தைப் பார்த்து, ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவித்தலை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப் செய்தியும் கையில் இருக்கட்டும். வீட்டை ஒப்படைக்கும் நாளில் சுவர், குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் படம் எடுக்கட்டும்.

அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் எல்லாம் சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயில் பாதையில் இருக்கின்றன. அந்தப் பக்கம் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு பார்க்கச் சொல்லுங்கள். வாடகை இரண்டாயிரம் மூவாயிரம் கூடினாலும் மருமகனுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மிச்சம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் மேல்மாடியில் குடியிருப்பவரைக் கேட்கட்டும், அதையும் மே மாதக் கதையாகக் கேட்கட்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிச் சனம் குடத்தோடு நின்றது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே நகரம் வெள்ளத்தில் கிடந்தது. "போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று தெருமுனைக் கடைக்காரரைக் கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டிவிடுவார்.

மீன் விஷயம். தனியார் வீட்டுக்காரர் மச்சம் கூடாது என்று நிபந்தனை வைப்பதைத் தடுக்கும் நேரடிச் சட்டம் அங்கே இல்லை. ஆகவே முன்பணம் கொடுக்க முன் வாய்திறந்து கேட்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டையும் முதலிலேயே சொல்லிவிடட்டும். வெளிநாட்டவரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு அவரைப் பற்றிய விவரப் படிவம் கொடுக்க வேண்டும் என்பதால் சிலர் தயங்குவார்கள். இணையத்தில் நிரப்பும் படிவம்தான், மருமகனே கூட இருந்து உதவலாம். ஒளித்து வைத்துப் பிறகு தெரியவந்தால்தான் வில்லங்கம்.

நிலாவெளிக் காணி

இது என் ஊர் விஷயம், இங்கே உறுதியாகப் பேசுகிறேன். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியை நீங்கள் நினைத்தபடி விற்க முடியாது. நாற்பது வருடம் வேலி போட்டுத் தென்னை வைத்திருந்தாலும் அது அரச காணிதான். நீங்கள் அனுமதி பெற்றவர். உரிய அனுமதி இல்லாமல் நொத்தாரிசு முன் உறுதிப் பத்திரம் எழுதினால் அந்த உறுதி செல்லாது, அனுமதிப்பத்திரமும் ரத்தாகலாம். தரகர் "வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுங்கள், அற்றோணியும் தாருங்கள், மற்றதை நாங்கள் பார்க்கிறோம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அற்றோணி என்றால் உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம். அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. நிலாவெளிக் கடற்கரையோரத்தில் காணி இழந்தவர்களின் கோப்புகள் என் அலுமாரியில் இருக்கின்றன. அதிகமானவை அந்த மாதிரி ஒரு கையெழுத்தில்தான் தொடங்கியவை. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் நாளைக்கே என்னிடமோ உங்களுக்குத் தெரிந்த வேறொரு சட்டத்தரணியிடமோ வாருங்கள், தாமதிக்க வேண்டாம்.

விற்றாலும் காசைக் கொண்டுபோவது இன்னொரு மலை. வங்கிக்குப் போகாமல் உண்டியல்காரர் மூலம் அனுப்பலாம் என்று யாரோ சொன்னார்களாம். இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் அது குற்றம். போய்ச் சேரும் காசுக்கு மூலம் காட்ட முடியாமல் மருமகன் வருமான வரித்துறை முன் நிற்க வேண்டி வரும்.

அந்தக் காணியை இப்படிச் செய்யுங்கள். நிலாவெளி குச்சவெளிப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது. அங்கே காணிப் பிரிவில் உங்கள் பின்னுரித்தாளராக, அதாவது உங்களுக்குப் பிறகு காணியைப் பெறுபவராக, மகளின் பெயரைப் பதியுங்கள். யார் பெயரும் பதியாமல் விட்டால் வாரிசு வரிசையில் முன்பு ஆண் பிள்ளைக்கே முதலிடம் இருந்தது, 2022 திருத்தத்தில்தான் அந்தப் பாகுபாடு நீங்கியது. வரிசையை நம்பிக்கொண்டிருக்காமல் நீங்களே பதிவது நல்லது. மகனுக்கு மனவருத்தம் வரும் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பாலையூற்று வீட்டுக்கு உறுதி இருக்கிறது. அதை மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதி, உங்களுக்கும் அம்மாவுக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இருக்கும்வரை உங்களை யாரும் எழுப்ப முடியாது. பிறகு வீடு அவளுடையது. அவள் வந்து கையெழுத்திட முடியாவிட்டால் அற்றோணி மூலம் ஏற்றுக்கொள்ளலாம். பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் என்றீர்களே, எங்கள் ஊரில் அந்த வழக்கத்தின் அர்த்தமே அவளை யாரும் எழும்பு என்று சொல்ல முடியாத ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதுதான். அவள் பெயர் ஏறக்கூடிய பத்திரம் இன்றைக்கு இங்கேதான் இருக்கிறது.

உதவ வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், வீடு மாறும் செலவுக்கு ஒரு தொகையை வங்கி வழியாக அனுப்புங்கள். எவ்வளவு அனுப்பலாம், எந்தக் கணக்கிலிருந்து என்பதை உங்கள் வங்கியில் முதலில் கேளுங்கள்.

இரண்டு மூன்று வருடம் கழித்து, மகளிடம் ஓ.சி.ஐ. அட்டையும் சம்பளமும் இருந்து, அவர்களாகவே வீடு வாங்க நினைத்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அப்போது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவான திட்டமா என்று பார்க்கட்டும். விற்பனை ஒப்பந்தம் பதியாமல் விலையில் பத்து வீதத்துக்கு மேல் வாங்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் போடும் சதுர அடியை விட்டுவிட்டுச் சுவருக்குள் உள்ள கார்ப்பெட் ஏரியாவையும், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்பதையும் கேட்கட்டும். சொத்தின் மேல் பதிவான கடன், கைமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை அங்குள்ள வழக்கறிஞர் ஒருவர் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை மகளுக்கும் மருமகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அப்பா காசு தர மறுக்கிறார் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. முடிந்தால் நீங்களும் அம்மாவும் இரண்டு கிழமை போய் நில்லுங்கள். ஒரு நாள் காலையில் மருமகனோடு பஸ் ஏறி அம்பத்தூர் வரை போய்ப் பாருங்கள், திரும்பும் வழியில் அந்தப் பக்கம் இரண்டு வீடும் பார்க்கலாம்.

போக முன் குச்சவெளி வேலையை முடியுங்கள். செயலகத்துக்கு அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதியைக் கொண்டு போங்கள், போட்டோக் கொப்பி எடுபடாது. மகளின் பிறப்புச் சான்றிதழ் மண்டபத்தில் கொடுத்தது என்பதால், அவளுடைய இலங்கைக் கடவுச்சீட்டுப் பிரதியும் கையோடு இருக்கட்டும்.